கஸ்மான் தீனார்

பழி வாங்கப் பொறுமை வேண்டும். என்னிடம் அது கிடையாது. எங்கள் வீட்டுக்கு வந்த பொறுமை முழுவதையும் உம்மா எடுத்துக்கொண்டு, எனக்குக் கோபத்தை மட்டும் விட்டுவைத்தாள். அப்படிப்பட்ட என்னையே மூன்று வருஷம் காத்திருக்க வைத்தவர் ஹபீப் முகம்மது. அதற்காகவாவது அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். சொல்ல மாட்டேன்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இருக்கிறது. வடக்கே நெல்வயல், தெற்கே உப்புச் சேறு, நடுவில் நாங்கள். ஆண்களில் பாதிப் பேர் சவூதி, துபாய், மலேசியா, சிங்கப்பூர் என்று போய்விட்டவர்கள். பஸ் எப்போது வரும் என்று தெரியாதவன்கூட ரியால் இன்றைக்கு என்ன விலை என்று சொல்லிவிடுவான். கடைத்தெருவில் வெளிநாட்டுக் காசு மாற்றித் தரும் கடைகள் மூன்று. அதில் பெரியது, கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்தது, ஹபீப் முகம்மதுவுடையது.

என் வாப்பா சவூதியில், தம்மாமில் லாரி ஓட்டுகிறார். பெருநாளுக்கு வர முடியாத வருஷங்களில், ஊருக்கு வருகிற யாரிடமாவது புது நோட்டு ஒன்று உம்மாவுக்குக் கொடுத்து அனுப்புவார். பேங்க் மூலம் வருகிற பணம் வீட்டுக்கு, கையில் வருகிற நோட்டு உம்மாவுக்கு என்று ஒரு கணக்கு. அந்த வருஷம் வந்தது இருநூறு ரியால் நோட்டு. மொடமொடவென்று, மடிப்புகூட விழாமல் இருந்தது. உம்மா அதை இரண்டு நாள் பீரோவில் வைத்து அழகு பார்த்துவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள்.

பெருநாள் நேரம். கடை நிறைய ஆள். ஹபீப் முகம்மது நோட்டை வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், சிரித்தார்.

"சவூதியில இருநூறு ரியால் நோட்டே கிடையாதும்மா. அம்பது, நூறு, அதுக்கு மேல ஐநூறு. முப்பது வருஷமா நோட்டு பார்க்கிறவன் நான். யாரோ உங்க வீட்டுக்காரரை நல்லா ஏமாத்திருக்காங்க."

"இல்ல காக்கா, பேங்க்ல வாங்கினதுன்னு அவங்க சொன்னாங்க," என்றாள் உம்மா, அண்ணனிடம் சொல்வதுபோல.

"அப்ப உங்க வீட்டுக்காரரே அடிச்சாரோ என்னமோ."

கடை சிரித்தது. அத்தோடு விட்டிருந்தால்கூட நான் மறந்திருப்பேனோ என்னவோ. அவர் அந்த நோட்டை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் காட்டினார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, மூலைக்கு மூலை ஒரு பெருக்கல் குறி போட்டார். "வேற யாரும் ஏமாறக் கூடாது பாருங்க," என்று சொல்லி உம்மா பக்கம் தள்ளினார்.

அந்த நோட்டு நல்ல நோட்டு. சவூதியில் அந்த வருஷம்தான் புதிதாக வெளியிட்டிருந்தார்கள். வாப்பா பத்திரிகைப் படத்தை அனுப்பினார். நான் அதைப் போனில் எடுத்துக்கொண்டு மறுநாளே கடைக்குப் போய்க் காட்டினேன். "அப்படியா? பார்க்கலாம்," என்றார் ஹபீப் முகம்மது, தலையை நிமிர்த்தாமல். சில மாதங்களில் ஊருக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் இருநூறு ரியால் நோட்டு வந்துவிட்டது. அவரும் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டார். உம்மாவிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெரியாமல் சொன்னதை நான் மன்னித்துவிடுவேன். தெரிந்த பிறகும் வாயைத் திறக்காமல் இருந்ததை எப்படி மன்னிப்பது?

ஊருக்கு எந்த நோட்டு எப்போது வந்தது என்பதா நினைவிருக்கும்? உம்மாவின் பெயரைச் சொல்லி, சஃபியா கள்ள நோட்டு கொண்டு போனாள் என்பதுதான் நினைவிருந்தது. உம்மா வீட்டில் வைத்து நைட்டியும் பெட்ஷீட்டும் தவணைக்கு விற்கிறவள். அவள் கொடுக்கும் மீதிச் சில்லறை நோட்டைப் பெண்கள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "சும்மா விளையாட்டுக்கு," என்பார்கள். ஒரு கல்யாணத்தில் மொய் வாங்கியவரும் அதே விளையாட்டை விளையாடினார். அதன் பிறகு உம்மா கல்யாணத்துக்குப் போவதில்லை. அதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. மற்றவர்கள் பார்ப்பதற்கு முன்னால் தானே காட்டிவிடப் பழகிக்கொண்டாள். வாசலுக்கு வரும் மீன்காரம்மாவுக்கு நூறு ரூபாய் கொடுப்பதற்குக்கூட, நோட்டை வெயிலுக்கு நேரே பிடித்து, "பார்த்துக்கங்க," என்று சொல்லிவிட்டுத்தான் கொடுப்பாள்.

நான் மன்னார்குடியில் பி.சி.ஏ. முடித்துவிட்டு, வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வெப்சைட் வேலை பார்க்கிறேன். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்றால், எனக்கு லேப்டாப் இருக்கிறது.

ஹபீப் முகம்மதுவின் கடை எதில் நிற்கிறது என்று யோசித்தேன். ஊருக்குச் சந்தை விலை தெரியாது என்பதில் நிற்கிறது. அதனால் ஒரு டேஷ்போர்டு செய்தேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எந்த நாட்டுக் காசு இப்போது என்ன விலை என்று சொல்லும் தளங்கள் இருக்கின்றன. அங்கிருந்து விலையை அவ்வப்போது கேட்டு வாங்கி, ரூபாயாக்கி, ஒரே பக்கத்தில் அடுக்கினேன். ரியால், திர்ஹம், குவைத் தீனார், ரிங்கிட், சிங்கப்பூர் டாலர் என்று எங்கள் ஊர் ஆட்கள் போகிற நாடுகள் மட்டும். போன வாரம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு கோட்டுப் படம். ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு என்று முதலில் வைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டு நுஸைபா சாச்சிதான் அதை முதலில் பார்த்தவர். தையல் வேலை செய்கிறவர், உம்மாவின் சிநேகிதி, ஊரில் யாருக்கும் பயப்படாத வாய்.

"பச்சைன்னா யாருக்கு நல்லது? ரியாலைக் கொண்டு வர்றவனுக்கா, போறதுக்கு ரியால் வாங்குறவனுக்கா? கலரைத் தூக்கிட்டுத் தமிழ்ல எழுதுடி," என்றார்.

நேற்றைவிடக் கூட, நேற்றைவிடக் குறைவு என்று பெரிய எழுத்தில் போட்டேன். கடைசியாக ஒரு கட்டம் சேர்த்தேன். என் விஷமெல்லாம் அதில்தான் இருந்தது. 'கடை பிடித்துக்கொள்வது' என்று அதற்குப் பெயர். வரிசையில் நிற்கும் பெண்கள் அன்றைய கடை விலையை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். சந்தை விலையிலிருந்து அதைக் கழித்து, மூன்று கடைகளும் எவ்வளவு தின்கின்றன என்று பக்கத்தில் போடுவேன். மூன்றிலும் அதிகம் தின்றது கண்ணாடிக் கதவு வைத்த கடை.

ஒரு மாதத்தில் ஊர் முழுக்க அந்தப் பக்கத்தைப் பார்த்தது. தம்மாமில் இருக்கிறவனும் பார்த்தான், அவன் பெண்டாட்டியும் பார்த்தாள். ஹபீப் முகம்மது கடையில் கூட்டம் குறைந்தது. நான் தெருவில் நிமிர்ந்து நடந்தேன்.

அவர் லேசுப்பட்டவரா? பிடித்துக்கொள்வதைக் குறைத்தார். கடைக்குள் சுவரகலத்துக்கு ஒரு டிவி மாட்டினார். அதில் எல்லா நாட்டுக் காசும் விலையும் ஓடிக்கொண்டே இருந்தன. "நம்ம கம்ப்யூட்டர் லண்டன் மார்க்கெட்டோட நேரா பேசுது. அந்தப் பொண்ணு பக்கமெல்லாம் விளையாட்டு," என்று வந்தவர்களிடம் சொன்னார். கூட்டம் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. டிவி இருக்கிறதே, மனிதர் பொய்யா சொல்வார் என்றார்கள். பாம்புக்குப் பால் வார்த்தவள் நான்தான்.

அப்போது நான் ஒரு தப்புச் செய்தேன். பக்கத்தைச் சீராக்கப் போய், ரிங்கிட் விலையும் சிங்கப்பூர் டாலர் விலையும் இடம் மாறிவிட்டன. கவனித்துச் சரிசெய்வதற்குள் அரைமணி நேரம் ஓடிவிட்டது. சாயங்காலம் நுஸைபா சாச்சி சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஹபீப் காக்கா கடையில இன்னிக்கு ஒரே கூத்து. மலேசியாவுலேர்ந்து வந்த ஆளு, டிவியில ரிங்கிட் மூணு மடங்கு ஏறிருக்குன்னு பையோட ஓடி வந்துட்டாரு. கொஞ்ச நேரத்துல அது இறங்கிருச்சு. லண்டன்ல ஏதோ கோளாறாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. லண்டனில் எந்தக் கோளாறும் இல்லை. கோளாறு என் லேப்டாப்பில் இருந்தது. அவருடைய டிவி என் பக்கத்தைத்தான் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறது.

செய்தது பாசித்தாகத்தான் இருக்கும். ஹபீப் முகம்மதுவின் தங்கை மகன், கடையில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன். என் பக்கத்துக்கு எந்த இணைப்பிலிருந்து ஆள் வருகிறார்கள் என்று சர்வரில் தெரியும். கடை திறந்ததிலிருந்து அடைக்கும் வரை, தொழுகை நேரத்தில்கூட நிற்காமல், நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து போனது ஒன்றே ஒன்று. மனிதன் அப்படிப் பார்க்க மாட்டான். மெஷின்தான் பார்க்கும்.

என் உம்மாவின் பெயரைக் கெடுத்தவர், என் உழைப்பையும் திருடிச் சுவரில் மாட்டியிருக்கிறார். முதலில் வழியை அடைத்துவிடத்தான் நினைத்தேன். அடைத்தால் டிவி கறுப்பாகும், அவ்வளவுதான். பாசித் வேறு வழி கண்டுபிடிப்பான். எனக்கு டிவி வேண்டாம். அவருடைய வாய் வேண்டும். உம்மாவைக் கெடுத்தது அந்த வாய்தானே.

அவரைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். தனக்குத் தெரியாத நோட்டை, இல்லவே இல்லை என்று ஒருமுறை சொல்லி மாட்டிக்கொண்டவர். இனிமேல் எந்தக் காசையும் இல்லை என்று சொல்ல அவருக்குத் தைரியம் வராது. தெரியவில்லை என்று சொல்லவும் வராது, அது பிறவிக் குணம். இரண்டும் சொல்ல முடியாதவன் என்ன சொல்வான்?

கஸ்மான் தீனார் என்று ஒரு காசை உண்டாக்கினேன். கஸ்மான் என்று உலகத்தில் எந்த நாடும் இல்லை என்பதைத் தேடித்தேடி உறுதிசெய்துகொண்டேன். விலை இருநூறு ரூபாய் என்று வைத்தேன். அந்த எண்ணை வேண்டுமென்றே வைத்தேன். ஊர் பார்க்கும் பக்கத்தில் அது வராது. ஊருக்குச் சுத்தமான விலைதான் போகும். கடையிலிருந்து கேட்கும் அந்த ஒரு மெஷினுக்கு மட்டும், குவைத் தீனாருக்குக் கீழே ஒரு வரி கூடுதலாகப் போகும்.

நுஸைபா சாச்சியிடம் மட்டும் சொன்னேன். சாச்சி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"இது பொய் இல்லையாடி?"

"கேட்டு வாங்குறவங்களுக்கு உண்மையைத்தான் கொடுக்கிறேன் சாச்சி. கேக்காம எடுக்கிறவருக்குத்தான் இது."

"மாட்டலேன்னா?"

அதுதான் எனக்கும் பயம். பாசித் அந்த வரியைக் கவனித்து அழித்துவிட்டால், சஃபியா மகள் பொய் விலை போடுகிறாள் என்று கடையிலிருந்தே செய்தி கிளம்பும். உம்மா கள்ள நோட்டு, மகள் கள்ள ரேட் என்று ஆகிவிடும். இப்போது வாசல் வரைக்குமாவது வருகிற உம்மா, அப்புறம் அதற்கும் வர மாட்டாள். இதையெல்லாம் சாச்சியிடம் சொன்னேன். சாச்சி துணியைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு, "நான் கேக்கிறேன். நீ கேட்டா சந்தேகம் வரும்," என்றார்.

வியாழக்கிழமை காலையில் வரியை அனுப்பினேன். மத்தியானம் சாச்சி டிவியைப் படமெடுத்து அனுப்பினார். குவைத்துக்குக் கீழே கஸ்மான் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆண்கள் பள்ளிவாசலிலிருந்து நேரே கடைத்தெருவுக்கு வருவார்கள். வாரத்திலேயே கடை நிறையும் நேரம் அதுதான். சாச்சி முன்னால் போனார். நான் பின்னால் போய்க் கதவோரம் நின்றேன். கிளம்பும்போது சாச்சி உம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, "போனை வைக்காத சஃபியா, ஒரு துணி காட்டுறேன்," என்று சொல்லி, போனைக் கையில் பிடித்தபடியே கடைக்குள் நுழைந்துவிட்டார். அது எங்கள் திட்டத்தில் இல்லை. சாச்சியின் சொந்த யோசனை.

"காக்கா, கஸ்மான் தீனார்னு போட்டிருக்கே. அது எந்த ஊர்க் காசு? எங்க அக்கா மருமகனுக்கு அங்க வேலை வந்திருக்குன்னாங்க."

ஹபீப் முகம்மது டிவியைத் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம்தான். தெரியலையேம்மா, விசாரிச்சுச் சொல்றேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் தப்பித்துவிடுவார். சத்தியமாகச் சொல்கிறேன், தப்பித்துவிடக் கூடாதே என்றுதான் அல்லாஹ்விடம் கேட்டேன்.

"அதுவா, வளைகுடாவுல சின்ன நாடு. எண்ணெய் நாடு. நம்மாளுங்க இப்பதான் போக ஆரம்பிச்சிருக்காங்க," என்றார்.

"நோட்டு நல்ல நோட்டுதானே? நீங்க பார்த்திருக்கீங்களா?"

"என்னம்மா கேக்கிற? முப்பது வருஷமா நோட்டு பார்க்கிறவன்கிட்ட. போன மாசம்கூட ஒருத்தருக்கு மாத்திக் கொடுத்தேன். பச்சை நோட்டு. ஒரு பக்கம் ஒட்டகம் போட்டிருக்கும்."

ஒட்டகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை ஒட்டகத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது.

"அப்படி ஒரு நாடே இல்ல மாமா," என்றேன் கதவோரத்திலிருந்து.

எல்லாரும் திரும்பினார்கள். "ஆஷிகாதானே? உனக்கு என்னம்மா தெரியும்," என்றார் அவர்.

"எனக்குத்தான் தெரியும். நான்தான் அந்த நாட்டை உண்டாக்கினேன். உங்க டிவி லண்டனோட பேசல, என் லேப்டாப்போட பேசுது. இப்ப அந்த வரியை எடுக்கிறேன், பாருங்க."

போனிலேயே எடுத்தேன். கடையே டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த நிமிஷம் கஸ்மான் மறைந்துபோனது. பின்வரிசையில் ஒரு பையன் போனில் தேடிவிட்டு, "ஆமா, அப்படி நாடே இல்ல," என்றான். யாரோ, "ஒட்டகம் எங்க காக்கா போச்சு?" என்றார். கடை சிரித்தது. அதே கடை, கிட்டத்தட்ட அதே ஆட்கள்.

ஹபீப் முகம்மது பாசித் பக்கம் திரும்பினார். "நீ பார்க்க மாட்டியாடா?"

பாசித்துக்கும் எத்தனையோ நாள் ஆத்திரம் இருந்திருக்க வேண்டும். "நேத்தே கேட்டேனே மாமா. இது என்ன நாடுன்னு தெரியலையேன்னு சொன்னேன். இருக்கும்டா, இல்லைன்னு மட்டும் சொல்லாத, இருநூறு ரியால்ல பட்டது போதும்னு நீங்கதானே சொன்னீங்க," என்றான்.

சிரிப்பு நின்றது. இருநூறு ரியால் என்றதும் ஊருக்கு நினைவு வந்தது. அப்படியென்றால் அந்த நோட்டு நல்ல நோட்டு என்று இவருக்குத் தெரியுமா என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார், எல்லாருக்கும் கேட்டது.

அப்போது கண்ணாடிக் கதவு திறந்தது. உம்மா உள்ளே வந்தாள். எங்கள் வீடு பக்கத்துத் தெருதான், ஆனால் மூன்று வருஷமாக அவள் கால் வைக்காத தூரம் அது. சாச்சியின் போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். கையில் அந்த நோட்டு இருந்தது. கவுண்ட்டரில் அதை விரித்து வைத்தாள். சிவப்புக் கோடுகள் இரண்டும் அப்படியே இருந்தன.

"மாத்திக் கொடுங்க காக்கா."

ஹபீப் முகம்மது நோட்டைத் தொடவில்லை. "கோடு போட்ட நோட்டு போகாதே லாத்தா," என்றார். உம்மாவை அவர் அக்கா முறை வைத்து லாத்தா என்று அழைத்து நான் கேட்டதே இல்லை. உம்மாவைவிட அவர் பத்து வயதாவது மூத்தவர்.

"கோடு யாரு போட்டது?"

கவுண்ட்டரில் கிடந்த பேனாவை ஹபீப் முகம்மது ஓரமாக நகர்த்தினார்.

"நோட்டு நல்ல நோட்டா, கள்ள நோட்டா? அதை மட்டும் சொல்லுங்க."

"நல்ல நோட்டுதான்."

"அன்னிக்குச் சொன்னது கடைசி ஆள் வரைக்கும் கேட்டுச்சு. இன்னிக்கு எனக்கே கேக்கல."

அவர் எழுந்து நின்றார். எழுந்து நிற்பார் என்று நான் நினைக்கவில்லை. "நல்ல நோட்டு. சஃபியா கொண்டு வந்தது நல்ல நோட்டு. எனக்குத் தெரியும்," என்றார் உரக்க. அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. எனக்குக் கொஞ்சம்கூடப் பாவமாக இல்லை. இன்னும் கொஞ்சம் வெளுக்கட்டும் என்றுதான் இருந்தது.

அவர் பெட்டியைத் திறந்து ரூபாயை எடுக்கப் போனார். உம்மா நோட்டை எடுத்து மடித்துக்கொண்டாள். "வேணாம். இதை மாத்துறதா இல்லை," என்றாள். வெளியே வந்தபோது ஆண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கடை இன்னும் இருக்கிறது. டிவி இல்லை. ஆனால் எங்கள் ஊரில் பட்டப்பெயர் விழுந்தால் மூன்று தலைமுறைக்கு ஒட்டும். கஸ்மான் கடை என்றால்தான் இப்போது ஆட்டோக்காரருக்கே தெரிகிறது. அவருடைய பேரன்களையும் கஸ்மான் வீட்டுப் பிள்ளைகள் என்று கூப்பிடுகிறார்கள். சின்னப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று வாப்பா போனில் வருத்தப்பட்டார். எனக்கு வருத்தம் இல்லை.

சனிக்கிழமை மீன்காரம்மா வந்தார். உம்மா நூறு ரூபாயை நீட்டினாள். மீன்காரம்மா கையை நீட்டாமல், பழகிய பழக்கத்தில், உம்மா அதை வெயிலில் தூக்கிக் காட்டுவதற்காகக் காத்திருந்தார். உம்மாவும் அவரைப் பார்த்தபடி நின்றாள்.

"காசு நல்ல காசுதான்," என்றாள் உம்மா. "மீனைப் போடுங்க."